பெயர் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்

கண் டாக்டர்கள் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் இருக்கும் எங்கள் கேலன் கிரீக்குக்கு வருஷத்தில் ஒரு முறைதான் வருவார்கள். வந்தால் மூன்று நாள் தங்குவார்கள். அந்த மூன்று நாளைக்காகச் சுற்றுவட்டாரத்து மாட்டுப் பண்ணைகளில் இருப்பவர்கள் வருஷம் முழுக்க மங்கலான கண்ணோடு காத்திருப்பார்கள். அந்த வருஷம் ஆபரேஷன் பட்டியலில் முப்பத்தெட்டு பேர். முப்பத்தெட்டு பேருக்கும் கடிதம் அனுப்புவது என் வேலை. நான் மார்லீன், கிளினிக் அலுவலகத்தில் பதினோரு வருஷமாக இருக்கிறேன்.

கடிதம் என்றால் வெறும் அழைப்பு இல்லை. எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கண், எப்போதிலிருந்து சாப்பிடக் கூடாது, ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டுமா வேண்டாமா, எல்லாம் அதில் இருக்கும். ஒருவருக்கு எழுதியது இன்னொருவர் கைக்குப் போனால் விபரீதம்.

முந்தைய வருஷங்களில் இதைப் பாலீன் பார்த்துக்கொண்டாள். அவள் கணவனோடு அடிலெய்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் வேலை என் தலையில் விழுந்தது. திங்கட்கிழமை காலை, அவள் விட்டுப்போன கடிதத்தைத் திறந்தேன். பட்டியல் கிடைக்கவில்லை என்று திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். மறுபடி அதே பெட்டி.

எதிர் மேஜையிலிருந்து ட்ரூடி எட்டிப் பார்த்தாள். நோயாளிகளைக் கூட்டி வருவது, கொண்டு விடுவது, போனில் நச்சரிப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

"என்னடி, காலையிலேயே கம்ப்யூட்டரைத் திட்டிக்கிட்டிருக்க?"

"நான் எங்க திட்டறேன்? அதுதான் என்னைத் திட்டுது. பட்டியலைக் காணோமாம்."

"பாலீன் பெட்டியில வெச்சுக் கொண்டுபோயிட்டாளா?"

"அவளோட பழைய மெஷின்ல போய்த் தேடுது. அந்த மெஷினைத்தான் ஜூலையில தூக்கிப் போட்டாச்சே."

கடிதத்துக்குள் பெயர்கள் இல்லை. "அன்புள்ள" என்பதற்குப் பிறகு ஒரு வெற்றிடம்தான் இருக்கும். மெயில் மெர்ஜ் என்ற கம்ப்யூட்டர் வசதி, பட்டியலிலிருந்து ஒவ்வொரு பெயராக எடுத்து அதில் நிரப்பும். பட்டியல் இருந்த வீடே போய்விட்டது. கடிதம் மட்டும் பழைய விலாசத்தில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டரில் தேடினேன். ஒரு எக்செல் கோப்பு அகப்பட்டது. அதற்குள் மூன்று தாள்கள்: 'பழையது', 'புதியது', 'புதியது 2'. ட்ரூடியைக் கேட்டேன், மூன்றாவதுதான் சரி என்றாள். கடிதத்திடம் பழைய விலாசத்தை மறக்கச் சொல்லி, இந்தத் தாளைக் காட்டினேன். பெயர்கள் வந்து உட்கார்ந்தன. ஆனால் அஞ்சல் எண்ணில் முன்னால் இருந்த சைபரைக் காணோம். எங்கள் பக்கம் எல்லா எண்ணும் சைபரில்தான் தொடங்கும். 0872 என்பது 872 என்று மொட்டையாக நின்றது. அந்தப் பத்தி எண் அல்ல, எழுத்து என்று மாற்றி, முப்பத்தெட்டு சைபரையும் கையால் போட்டேன். அதற்கே மதியமாகிவிட்டது.

முதல் மூன்று கடிதங்களை டாக்டர் அனுப்பிய பட்டியலோடு ஒப்பிட்டேன். கடைசி ஒன்றையும் பார்த்தேன். சரியாக இருந்தது. அச்சடித்து, மடித்து, முகவரி தெரிகிற ஜன்னல் வைத்த உறைகளில் போட்டேன். ரேடியோவில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. கை மடித்தது, காது ஸ்கோர் கேட்டது, கண் எதைப் பார்த்ததோ தெரியாது. நாலு மணிக்குத் தபால் நிலையத்தில் ஃபெர்கஸ் டல்லியிடம் கட்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டேமுக்காலுக்கு ஜெனின் போன் செய்தாள். டார்வினில் இருப்பவள், சில்வர் போர் பண்ணையில் இருக்கும் டல்சி பெக்ஃபோர்டின் மகள்.

"மார்லீன், அம்மாவோட கடிதத்துல ஒரு காப்பி எனக்கு அனுப்ப முடியுமா? அவங்க படிச்சுச் சொன்னா பாதி விட்டுருவாங்க. நான் லீவு போடணும்ல."

"அஞ்சு நிமிஷத்துல அனுப்பறேன், கண்ணு."

கடிதத்தைத் திறந்தேன். பட்டியலிலிருந்து தகவலை எடுத்துப் போடப்போகிறேன், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன். டல்சியின் கடிதம்தான் முதலில் வர வேண்டும். அடுத்த வாரம் வியாழன் காலை ஏழரைக்கு முதல் ஆள் அவள்தான். ஆல்பி வாரிக்கின் பெயர் வந்தது. பெயருக்குக் கீழே சில்வர் போர் முகவரி, ஏழரை மணி, இடது கண். ஆல்பி பிறந்தது முதல் மவுண்ட் ஆர்டன் பண்ணையை விட்டு நகர்ந்ததே இல்லை. அவருக்கு வலது கண்.

டல்சியைத் தேடினேன். டென் மைல் பண்ணை முகவரியில் இருந்தாள். வெள்ளி மதியம், வலது கண், மாத்திரையை நிறுத்தவும் என்றிருந்தது. டல்சி அந்த மாத்திரையைச் சாப்பிடுவதே இல்லை. அடுத்த கடிதம், அதற்கடுத்தது என்று பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் மாறிக் கிடந்தது. பெயர் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்.

தப்பான தாளைக் காட்டிவிட்டேன் என்றே நினைத்தேன். நாலைச் சரிபார்த்தேனே, அதை எங்கே பார்த்தேன், எந்தத் தாளில் பார்த்தேன்? எவ்வளவு யோசித்தும் கிரிக்கெட் ஸ்கோர்தான் நினைவுக்கு வந்தது.

கடிதங்களைப் பண்ணைகளுக்குக் கொண்டுபோகும் தபால் விமானம் ஒன்பதரைக்குக் கிளம்பும். வாரத்துக்கு ஒரு விமானம். அடுத்த செவ்வாய்க்குப் பிறகு இரண்டே நாளில் அறுவை சிகிச்சை. ட்ரூடி இருக்கையில் இல்லை. உள்ளே மருந்து அறையில் யாரோடோ பேசும் குரல் கேட்டது. சொல்லிக்கொண்டு போகக்கூட நேரமில்லை. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

இறங்குதளத்தில் விமானி லாக்லன் விமானத்தின் வயிற்றுக்குள் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய் நின்றதைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன மார்லீன், நீங்களும் வரீங்களா? கோழித் தீவனத்து மேலதான் இடம் இருக்கு."

"லாக்லன், என் கடிதக் கட்டைத் திருப்பிக் கொடு. எல்லாம் தப்பு."

அவன் சிரிப்பு நின்றது. "பை சீல் வெச்சது. நான் தொட்டா என் வேலை போயிடும். ஃபெர்கஸ் வந்தாத்தான் ஆகும்."

"அப்ப ஃபெர்கஸைக் கூப்பிடு!"

ஓடுதளத்துக் கொட்டகையில் இருந்த போனிலிருந்து கூப்பிட்டான். ஃபெர்கஸ் வருவதற்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷமும் மனசுக்குள் ஒவ்வொரு முகமாக வந்து போனது. ஆல்பி கால்நடை லாரியில் தொற்றிக்கொண்டு இருநூறு கிலோமீட்டர் வருவார். வேறு நாளில் வந்து நிற்பார். மாத்திரையை நிறுத்தக்கூடாத யாரோ ஒருவர் நிறுத்துவார்.

ஃபெர்கஸ் வண்டியை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்தார். கையில் பாதி கடித்த டோஸ்ட்.

"முப்பது வருஷமா தபால் பார்க்கறேன். போட்ட கடிதத்தைத் திருப்பிக் கேட்டு ஓடுதளத்துக்கு வந்தது நீ ஒருத்திதான். யாருக்காவது காதல் கடிதம் எழுதிட்டியா?"

"ஃபெர்கஸ், கிண்டல் வேண்டாம். ஆளும் கண்ணும் மாறிப்போச்சு. இதை வெச்சு ஆபரேஷனுக்கு வருவாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். டோஸ்டை வண்டியின் மேல் வைத்துவிட்டுச் சட்டையில் கையைத் துடைத்தார்.

"பையைத் திறக்கறேன். ஆனா உறையைப் பிரிக்க விடமாட்டேன். தபால்ல போட்டதும் அது உன்னோடது இல்ல, அவங்களோடது. ஜன்னல் வழியாப் பாரு. தப்புன்னா, எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கோ."

பையின் சீலை வெட்டிக் கடிதக் கட்டை எடுத்து விமானத்தின் இறக்கை நிழலில் வைத்தார். முதல் உறையை எடுத்து ஜன்னலைப் பார்த்தேன்.

டல்சி பெக்ஃபோர்ட், சில்வர் போர்.

இரண்டாவதை எடுத்தேன். ஆல்பி வாரிக், மவுண்ட் ஆர்டன். மூன்றாவது, ஊரே அத்தை என்று கூப்பிடும் நோலா. அவள் பெயருக்குக் கீழே அவள் வீட்டு முகவரியேதான். ஒவ்வொன்றாக முப்பத்தெட்டையும் பார்த்தேன். லாக்லன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பண்ணைகளைத் தெரிந்தவன் என்பதால், "சரி... இதுவும் சரி... சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஒன்றுகூட மாறவில்லை. சைபர்கூட எல்லாவற்றிலும் இருந்தது.

நான் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று லாக்லன் இன்றைக்கும் ஃபெர்கஸோடு வாதாடுகிறான்.

"சரியாத்தானேடி இருக்கு," என்றார் ஃபெர்கஸ். "பின்ன எதுக்கு என் டோஸ்ட்டுக்கு எறும்பு வர வெச்ச?"

"கம்ப்யூட்டர்ல வேற மாதிரி காட்டிச்சே..."

சொல்லும்போதே புரிந்தது. கடிதத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது பட்டியலிடம் போய்ப் புதிதாகக் கேட்கிறது. நேற்று கேட்டபோது பட்டியல் ஒழுங்காக இருந்தது. இன்றைக்குக் கேட்டபோது இல்லை. பேரும் ஊரும் கண்ணும் ஒரே வரிசையிலிருந்து வருபவை; உறையில் பேரும் ஊரும் பொருந்தினால் உள்ளே கண்ணும் பொருந்தும். கடிதத்தில் தப்பில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே யாரோ பட்டியலில் கை வைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்பைத் திறக்கிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான்.

கொட்டகைக்கு ஓடி போனை எடுத்தேன்.

"ட்ரூடி, காலையில பட்டியலைத் திறந்தியா?"

"ஆமா. எல்லாருக்கும் போன் பண்ணி நாளை உறுதி பண்ணலாம்னு ஏ, பி, சி வரிசையில அடுக்கினேன். ஏன், எங்க போன நீ? வண்டியைக் காணோம்?"

"பெயர் பத்தியை மட்டும் அடுக்கினியா?"

"ஏதோ கேட்டுச்சு, மத்ததையும் சேர்த்துக்கவான்னு. வேண்டாம், பெயர் மட்டும் போதும்னு அழுத்தினேன். சேமிச்சுட்டேன். இதோ மூடிட்டு டீ குடிக்கப்போறேன்."

"மூடாதே!" நான் கத்தியதில் வெளியே ஃபெர்கஸ் திரும்பிப் பார்த்தார். "கையை எடு ட்ரூடி. மவுஸை விட்டுக் கையை எடு."

"எடுத்துட்டேன். பயமுறுத்தாதடி."

"மேல இடது பக்கம் பின்னால திரும்பற மாதிரி ஒரு அம்பு இருக்கும். ஒரே ஒரு தடவை அழுத்து."

அந்தப் பக்கம் சொடுக்கும் ஓசை கேட்டது.

"என்ன தெரியுது?"

"முதல்ல டல்சி வந்துட்டா. சில்வர் போர். ஏழரை. இடது கண். ஐயோ மார்லீன். இதுவரைக்கும் என்ன இருந்துச்சு?"

"யாருக்காவது போன் பண்ணிட்டியா?"

"இல்ல. டீ குடிச்சுட்டு ஆரம்பிக்கலாம்னு இருந்தேன்."

கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவளுக்கு மட்டும் டீத் தாகம் எடுக்காமல் இருந்திருந்தால், முப்பத்தெட்டு பேருக்கும் போன் செய்து, சரியான கடிதம் போய்ச் சேரும் முன்பே தப்பான நாளையும் கண்ணையும் உறுதி செய்திருப்பாள். அந்த வெள்ளிக்கிழமையே, நாளும் நேரமும் குறித்த அதே பட்டியல் டாக்டர்களுக்கும் போயிருக்கும்.

விமானம் இருபத்தைந்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. ஃபெர்கஸ் புது சீல் வைத்தார். கையெழுத்து வாங்க வேண்டிய காகிதம் எதுவும் இல்லாததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது ட்ரூடி கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். என் மேஜையில் ஒரு கோப்பை டீயும் இரண்டு லாமிங்டன் கேக்கும் இருந்தன.

"நீ என்னைத் திட்டு. நல்லாத் திட்டு," என்றாள்.

"திட்டறதுக்கு என்கிட்ட தெம்பு இல்ல. நான் மட்டும் என்ன யோக்கியம்? நாலு கடிதத்தைப் பார்த்துட்டு முப்பத்தெட்டும் சரின்னு கட்டிக் கொடுத்தவதானே."

இரண்டு பேரும் பட்டியலையும் டாக்டர் அனுப்பியதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருத்தி படிக்க ஒருத்தி சரிபார்க்க, முப்பத்தெட்டு வரியையும் முடித்தோம். பழைய தாள்கள் இரண்டையும் வேறு கோப்புக்கு நகர்த்தினோம். அசல் பட்டியலை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி, ட்ரூடிக்குத் தனியாக ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். அதற்கு அவளே 'ட்ரூடி விளையாட' என்று பெயர் வைத்தாள். கடிதத்தை மறுபடி திறந்து ஜெனினுக்குக் காப்பி அனுப்பும்போது மணி பன்னிரண்டு. அஞ்சு நிமிஷம் என்று சொன்னீங்களே என்று அவள் கேட்கவில்லை, நல்ல பெண்.

கண் வாரத்தில் முப்பத்தேழு பேர் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வந்தார்கள். ஆல்பி ஒருவர் மட்டும் ஒரு நாள் தாமதம்; மாடு ஏற்ற லாரிகள் அன்றைக்கே வந்துவிட்டன, மாட்டை விட்டு எப்படி வருவது என்றார். டாக்டர்கள் முணுமுணுத்துவிட்டு அவரைக் கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். வலது கண், சரியான கண்.

அடுத்த திங்கட்கிழமை டல்சி சில்வர் போரிலிருந்து போன் செய்தாள். கட்டு அவிழ்த்தாயிற்று, எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"மார்லீன், எங்க நாய் எப்படி ஒரே ராத்திரியில கிழவனானான்? மூஞ்சியெல்லாம் வெள்ளை."

"ஒரே ராத்திரியில இல்ல, டல்சி. மூணு நாலு வருஷமாவே அவன் அப்படித்தான் இருக்கான்."

"அப்படியா," என்றாள். பிறகு போனை விட்டுத் தள்ளி, நாயிடம் ஏதோ கொஞ்சலாகச் சொல்வது கேட்டது.