வடிவு பார்த்த பிறை

எண்பதாம் வருட ஐப்பசி. இஸ்லாமிய வருடம் பிறக்கும் முகர்ரம் மாதத்துப் பிறை தெரிய வேண்டிய மாலையில் மலை முழுக்க மேகம். மெகருன்னிசா வாசலில் நின்று கழுத்து வலிக்க மேற்கே பார்த்தாள். அந்த ஊரில் அவர்கள் ஒரு குடும்பம்தான் முஸ்லிம். கடைச்சரக்கு வாங்கத் திருப்பத்தூர் போன கணவன் கரீமுல்லா, மலைப்பாதை சரிந்து பேருந்து நின்றதால் அங்கேயே மாட்டிக்கொண்டான். பிறை தெரிந்ததா என்று கேட்க ஆளில்லை. நாள் தவறினால், ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் பிடிக்கும் நோன்பும் தவறும். போன வருடம் காய்ச்சலில் விட்டது. இந்த வருடமும் விட அவளுக்கு மனமில்லை.

இருட்டும் நேரத்தில், சாமைக்கொல்லையில் காவலிருந்த பக்கத்து வீட்டு வடிவு ஓடிவந்தாள்.

"பாயம்மா, மேகம் கொஞ்சம் வெலகுச்சு. நகத்த வெட்டிப் போட்டாப்ல இருந்துச்சு உங்க பொறை!"

"நெசமாவாக்கா?"

"பொய் சொன்னா எனக்கு இன்னா குடுக்கப்போற?"

மெகருன்னிசா கையேந்தி துஆ கேட்டாள். வடிவு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வருசப்பொறப்புன்னியே. பாயசம் இல்ல, புதுத்துணி இல்ல. இவ்ளோதானா?"

"இவ்ளோதான்க்கா. துஆ கேப்போம், சலாம் சொல்லிக்குவோம். பத்து நாளைக்கு எங்க வூடுங்கள்ல கல்யாணம் வெக்க மாட்டாங்க. அப்புறம் ரெண்டு நோம்பு."

"நல்ல வருசப்பொறப்பு, பட்டினியோட!" வடிவு சிரித்துக்கொண்டே போனாள்.

மெகருன்னிசாவுக்கு மனம் அடங்கவில்லை. பிறை கண்ட சாட்சி முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தாள். சந்தேகம் வந்தால் மூன்று நாள் பிடிக்கலாம் என்றும் சொல்வார்கள். வடிவின் கணக்குப்படி ஒன்பதும் பத்தும் பிடித்தாள். பதினொன்றாம் நாளும் விடியுமுன் சாப்பிட்டு நோன்பு வைத்தாள்.

காலையில் வடிவு விரல் மடக்கி எண்ணினாள். "ரெண்டு நோம்புதான்னியே. இது இன்னாத்துக்கு?"

"ஒருவேள நாள் மாறியிருந்தா..."

"அப்ப நான் பாத்தது பொய்யி." அரிவாளை எடுத்துக்கொண்டு வடிவு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

நடுப்பகலில் பேருந்து வந்தது. கரீமுல்லா இறங்கியதும், மூட்டையைக்கூட வாங்காமல் கேட்டாள்.

"திருப்பத்தூர்ல பொறை என்னிக்கிங்க தெரிஞ்சுது?"

"ஞாயித்துக்கெழம சாயங்காலம்."

வடிவு ஓடிவந்த அதே சாயங்காலம்.

மெகருன்னிசா நேரே கொல்லைக்கு நடந்தாள். வடிவு வரப்பில் உட்கார்ந்து கூழ்ச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"நீ சொன்னதுதான் சரிக்கா. திருப்பத்தூர்லயும் அன்னிக்கிதானாம். எனக்கும் கொஞ்சம் ஊத்து."

"நோம்பாச்சே?"

"இது நானா வெச்ச நோம்பு. வுட்டா குத்தமில்ல."

வடிவு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கூழைக் கலக்கி, இருந்த ஒரே கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள். மெகருன்னிசா பிஸ்மில்லா சொல்லிக் குடித்தாள்.

"உப்பு பத்தலக்கா."

"நம்பாதவளுக்கு இதே அதிகம்" என்ற வடிவு, பச்சை மிளகாயைக் கிள்ளி அவள் கையில் வைத்தாள்.