ஜெபாவுக்கு எப்போது கம்பி போடுவது

எப்சிக்கு முதலில் சந்தேகம் வந்தது ராஜபாளையத்துப் பல் டாக்டர் மேல்தான்.

மகள் ஜெபாவுக்கு ஒன்பது வயது. வாயை மூடினாலும் மேல்வரிசை முன்பற்கள் கீழுதட்டின் மேல் வந்து உட்காரும். புதிதாகக் கிளினிக் திறந்திருந்த பொன்மணி டாக்டர் பார்த்துவிட்டு, "பல்லுக்குக் கம்பி இப்பவே போட ஆரம்பிச்சிடலாம். கீழ விழுந்தா முதல்ல அடிபடுறது இந்தப் பல்லுதான்" என்றார். "விரல் சூப்புற பழக்கம் ஏதும் இருக்கா?"

"சேச்சே. அதெல்லாம் எல்கேஜியோட போச்சு டாக்டர்."

ஜெபா தலைக்கு மேல் எரிந்த விளக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

எப்சி தளவாய்புரத்தில் ஒரு நைட்டி கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். தைத்து வரும் துணியைத் திருப்பிப் போட்டு எங்கே நூல் விட்டிருக்கிறது என்று தேடுவதுதான் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓயாது. பால் பல்லே முழுசாக விழாத பிள்ளைக்கு இந்தம்மா ஏன் இப்படி அவசரப்படுகிறாள்? புதுக் கிளினிக், புது நாற்காலி. வருகிற ஆளை விடக் கூடாது என்றுதான் இருக்கும்.

வீட்டில் இதைச் சொன்னாள். கணவன் கிளாட்வின் கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் ஓட்டுகிறவன். வாயில் சோறு இருந்தால் பதில் வராது. பதில் சொன்னது அவனுடைய அக்கா அமிர்தவல்லி. அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இவர்களோடுதான் இருக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவளுக்கும் இதே பல்தான். சிரிக்கும்போது மேலுதட்டை இழுத்து மூடிக்கொள்வாள்.

"இப்ப வேண்டாம் எப்சி. செத்த பொறுப்போம். பிள்ள இன்னும் கொஞ்சம் வளரட்டும்."

"எதுக்கு மதினி பொறுக்கணும்?"

"சொல்லுதேன்ல. பொறவு பாத்துக்கிடலாம்."

சொல்லும்போது அவள் பார்வை எப்சி பக்கம் இல்லை. ஜெபாவின் பக்கம் போய் வந்தது. ஜெபா தட்டில் இருந்த கறிவேப்பிலையை ஒவ்வொன்றாக ஓரத்தில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து எப்சி கணவனிடம் தனியாகக் கேட்டாள். "செத்த பொறுப்போம். பிள்ள இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்றான். அக்கா சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில். அவனாக யோசித்திருந்தால் இவ்வளவு ஒழுங்காக வந்திருக்காது.

அந்த நிமிஷத்தில் சந்தேகம் டாக்டரை விட்டு மதினி மேல் ஏறியது. பிறகு எதைப் பார்த்தாலும் அதற்குத் தோதாகவே தெரிந்தது. ஜெபாவும் அத்தையும் மொட்டைமாடியில் பேசிக்கொண்டிருப்பார்கள்; எப்சி படியேறினால் பேச்சு துணியை மடிப்பதற்கு மாறிவிடும். ஜெபா சமீபமாக எதைக் கேட்டாலும் முதலில் அத்தையைத்தான் பார்க்கிறாள். தன் ஜாடையிலேயே, தன் பல்லோடே ஒரு பிள்ளை வீட்டில் வளர்வது மதினிக்கு ஆறுதலாக இருக்குமோ? அது கலைந்துவிடக் கூடாது என்று நினைக்கிறாளோ? நினைத்த பிறகு எப்சிக்கே கொஞ்சம் கூசியது. ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை. நேற்று வரை அவசரம் எதற்கு என்று கேட்டவள், இப்போது நாளைக்கே கம்பி போட்டுவிட வேண்டும் என்று நின்றாள்.

இன்னொரு டாக்டரும் 'இப்பவே' என்று சொல்லிவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. கம்பெனியில் கூட வேலை பார்க்கும் சண்முகத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் நவநீதகிருஷ்ணன் டாக்டரைச் சொன்னாள். ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு ஷூ வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு எப்சி மகளோடு பஸ் ஏறினாள்.

இறங்கி அந்தத் தெருவுக்குள் திரும்பியதுமே ஜெபாவின் நடை தளர்ந்தது.

"அம்மா, ராஜபாளையத்து டாக்டரே போதும்மா."

"அவுக கிட்ட போவமாட்டேன்னு அன்னைக்கு அழுத?"

"இப்ப அழமாட்டேன்."

எப்சி நின்று மகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

டாக்டருக்கு அறுபது வயது இருக்கும். ஜெபாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வா பாப்பா, வா. நிறுத்தியாச்சா?"

ஜெபா தரையைப் பார்த்தாள்.

"எதை டாக்டர் நிறுத்தணும்?" என்றாள் எப்சி.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க...?"

"நான்தான் அம்மா."

"அப்படியா? காலாண்டு லீவுல ஒருத்தங்க கூட்டிட்டு வந்தாங்களே. தாடை, பல்லு எல்லாம் அச்சா இப்படியே. அவங்கதான் அம்மான்னு நெனச்சிட்டேன்."

காலாண்டு லீவில் ஜெபா வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று அத்தையோடு கடைக்கு அனுப்பியது எப்சிதான்.

டாக்டர் குரலை இறக்கி ஜெபாவிடம், "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார். ஜெபாவின் வலது கை மெல்லப் பாவாடை மடிப்புக்குள் போனது. எப்சி அந்தக் கையை எடுத்து விரித்தாள். கட்டைவிரல் மற்ற விரல்களைப் போல இல்லை. தோல் வெளுத்து ஊறியிருந்தது. கணுவில் பல் பதிந்து பதிந்து காய்த்துப்போயிருந்தது. தினம் தலை வாரிவிடுகிற, சோறு பிசைந்து கொடுக்கிற பிள்ளையின் கை. ராத்திரி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொள்வதைக் கொசுவுக்காக என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"இப்பக் கம்பி போட்டா கம்பி உள்ள இழுக்கும், விரல் வெளிய தள்ளும்" என்றார் டாக்டர். "முதல்ல விரல் நிக்கட்டும். பதினொன்னு பன்னெண்டுல பிள்ளைங்க சடசடன்னு உசருவாங்க. தாடையும் அப்ப வளரும். அந்த நேரம் பிடிச்சா நல்லது."

"ராஜபாளையத்துல இப்பவே போடணும்னாங்க."

"விழுந்து உடையக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. அதுவும் நியாயந்தான். பழக்கம் இருக்கான்னு கேட்டாங்களா?"

எப்சி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

கண்ணாடிக் கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அமிர்தவல்லி ஒரு பெரியவரின் காதுக்குப் பின்னால் பிரேமைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் அவள் கை அப்படியே நின்றது.

"பெத்தவ நான் இருக்கேன் மதினி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?" எப்சியின் குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "இல்ல, உங்களை மாதிரியே எம்பிள்ளையும் இருக்கணும்னு நெனச்சீயளா?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். அமிர்தவல்லியின் மேலுதடு இறங்கிப் பல்லை மூடியது. முதலாளியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பக்கத்து ஜெராக்ஸ் கடை நிழலில் மூவரும் நின்றார்கள்.

"எனக்குக் கம்பி போட்டாக எப்சி" என்றாள் அமிர்தவல்லி.

"என்னது?"

"பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல இருந்தப்ப. ரெண்டு வருசம். லீவுக்கு வந்தா வாயே தொறக்க மாட்டேன். கிளாட்வின் அப்ப சின்னப்பய, அவனுக்கு ஞாபகமே இல்ல. கழட்டினப்ப எம்புட்டு அழகா இருந்துச்சு தெரியுமா? ஆனா நான் விரலை விடல. காலேஜ் போற வரைக்கும் விடல. யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. அம்புட்டும் பழையபடி வெளிய வந்துட்டு. அம்மா சாவுற வரைக்கும் அந்த டாக்டரைத்தான் ஏசினா."

எப்சி நிழலை விட்டு ஓரடி தள்ளி வெயிலில் நின்றாள். "அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"பிள்ள சத்தியம் வாங்கிக்கிட்டா. அம்மாகிட்ட மட்டும் வேண்டாம்னா."

"ஏன்? நான் என்ன செஞ்சேன்?"

அமிர்தவல்லி ஜெபாவைப் பார்த்தாள். ஜெபாதான் சொன்னாள், ஜெராக்ஸ் கடைக் கதவைப் பார்த்தபடி. "எல்கேஜி படிக்கும்போது, சண்டே ஸ்கூல்ல நான் சூப்புற விரலைப் பிடிச்சுத் தூக்கி எல்லார்கிட்டயும் காமிச்சீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க."

அப்படி ஒன்று நடந்தது எப்சிக்கு லேசாக நினைவிருந்தது. ஏதோ வேடிக்கையான நாளாகவே நினைவிருந்தது. மதினியிடம் மட்டும், "கடையில வச்சு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள். அமிர்தவல்லி, "ஆமா, கேட்டிருக்கக் கூடாது" என்றாள். பிறகு, "ஷூ வாங்கலையா?" என்று கேட்டாள். வாங்கவில்லை. முதலாளியிடம் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டு வந்து அவளும் கூடப் போனாள்.

விரல் ஒரே நாளில் நிற்கவில்லை. நின்ற பழக்கம் முழுப் பரீட்சை நேரத்தில் திரும்ப வந்தது. எப்சி எதுவும் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். ஆனால் நகம் வெட்டுகிற சாக்கில் கட்டைவிரலைத் தடவிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஜெபாவுக்கும் அது தெரியும். பேசாமல் கையை நீட்டுவாள். ஒரு கோடை விடுமுறையின் முடிவில் அந்தக் கணு மற்ற விரல்களைப் போலவே ஆகியிருந்தது.

பதினோரு வயது முடிந்து, போன வருஷத்துப் பாவாடையெல்லாம் முழங்காலுக்கு ஏறியபோது நவநீதகிருஷ்ணன் டாக்டர் ஆரம்பித்தார். முதலில் கம்பி இல்லை; கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவர, கழற்றி மாட்டுகிற ஒரு பிளேட். கம்பி அதற்குப் பிறகு. முதல் வாரம் ஜெபாவுக்கு 'ச'வும் 'த'வும் ஒன்றாகவே வந்தன. சாப்பிடும்போது தவிர எப்போதும் வாயிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் இவள் கழற்றி வைத்துவிடுகிறாளோ என்று எப்சிக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு நாள் மனதிலேயே வைத்திருந்தாள். பிறகு அமிர்தவல்லியிடம் போய், "நீங்க கேட்டாச் சொல்லுவா மதினி. கொஞ்சம் விசாரிங்க" என்றாள்.

"நான் கேக்க மாட்டேன். நீயே கேளு."

எப்சி மொட்டைமாடிக்குப் போனாள். ஜெபா அங்கே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, எந்தச் சாக்கும் இல்லாமல் கேட்டாள்.

ஜெபா நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "பாட்டு பீரியட்ல மட்டும் கழட்டுவேம்மா. அதோட பாட வரல."

"மத்த நேரம்?"

"மத்த நேரம் போட்டிருக்கேன்."

பள்ளிக்கூடத்தில் விசாரிக்க எப்சிக்குத் தெரிந்த டீச்சர் ஒருத்தி இருந்தாள். அவளிடம் கேட்க வேண்டாம் என்று தீர்மானித்து, "சரி, டாக்டர்கிட்ட அதைச் சொல்லிருவோம்" என்றாள்.

"நானே சொல்லுதேன்" என்று ஜெபா மறுபடி எழுதத் தொடங்கினாள்.