மைக்கில் சொன்ன நல்ல காரியம்

...கெட்டது எதுவும் சொல்லவில்லையே, நல்லதைத்தானே சொன்னோம் என்று நேற்று சாயங்காலத்திலிருந்து அருள்ராணியின் மனசுக்குள் ஓடுகிற அதே பேச்சு, ஒவ்வொரு சட்டியோடும் கூடவே வந்தது. வாங்கி மேலே தள்ளிவிட்டால் போய்விடும் என்று பார்த்தால் அதுவும் இல்லை, அடுத்த சட்டியில் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. கீழே மிக்சர் சுற்றிக்கொண்டிருந்தது, சாரத்தில் ஆளுக்கொரு படியாகச் சித்தாள்கள் நிற்க, கான்கிரீட் சட்டி கைமாறிக் கைமாறி மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அருள்ராணிக்குக் கீழ்ப்படியில் காசியம்மாள். ரெண்டு பேரும் ஒரே உயரம் என்று விருத்தாசலம் மேஸ்திரி எப்போதும் அவர்களைச் சேர்த்துத்தான் நிறுத்துவார், இன்றைக்கு மட்டும் வேறு ஆளை நிறுத்துங்கள் என்று எப்படிக் கேட்பது, என்ன காரணம் சொல்வது, இவள் மகளை நான் பள்ளிக்கூடத்தில் வைத்து... வைத்து என்ன செய்தேன்? பாராட்டினேன். ஒரு பிள்ளையைப் பாராட்டியவள் அந்தப் பிள்ளையின் தாயிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாளா? காசியம்மாள் சட்டியை நீட்டும்போது சட்டியை மட்டும் பார்த்தாள். மற்ற நாளென்றால் ஒரு பேச்சு இருக்கும், மரக்காணத்துப் பெண்ணுக்கு வாய் சும்மா இருக்காது, கடல்காற்றில் கத்திக் கத்திப் பேசிப் பழகிய குரல். இன்றைக்குக் காலையிலிருந்து, "புடி", "புடி", அவ்வளவுதான்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்றால் கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு டீயைக் குடித்துவிட்டு வருவது என்றுதான் அருள்ராணி முதலில் நினைத்தாள். தலைமையாசிரியை எலிசா டீச்சர்தான் விழுப்புரத்தில் பயிற்சி முடித்து வந்து இந்த நன்னடத்தைத் திட்டத்தைப் பேசினார். அடிக்கக் கூடாது, முட்டி போட வைக்கக் கூடாது, தப்பைத் தேடுகிற கண்ணால் நல்லதைத் தேட வேண்டும், வாத்தியார்களிலிருந்து சத்துணவு சமைக்கிற அம்மா வரைக்கும் பள்ளிக்கூடம் மொத்தமும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். நேரத்துக்கு வருவோம், ஒருவரை ஒருவர் மதிப்போம், எதையும் வீணாக்க மாட்டோம் என்று சுவரில் பெரிதாக எழுதினார்கள். இதையெல்லாம் ஒருங்கிணைக்க ஓர் ஆள் வேண்டும், எந்த டீச்சர் செய்தாலும் இன்னொரு டீச்சருக்குப் பொறுக்காது, "நீங்க பொதுவான ஆளு, அருள்ராணி, புள்ளைங்களுக்கும் உங்களத் தெரியும்" என்றார் எலிசா டீச்சர். தெரியாதென்று சொல்லியிருக்கலாம். சித்தாளுக்கு இதெல்லாம் ஆகாது என்று சொல்லியிருக்கலாம், மேஸ்திரி கூட அதைத்தான் சொன்னார், திங்கட்கிழமைதோறும் அரைநாள் போனால் ஆளுக்கு எங்கே போவது என்று. ஆனால் ஆசையாக இருந்தது. நல்ல காரியம் செய்கிற பிள்ளையைப் பார்த்தவர் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதையெல்லாம் சேர்த்து வாங்கி, திங்கட்கிழமை பிரார்த்தனையில் மைக்கைப் பிடித்து வாசிப்பது அருள்ராணி. மைக்கில். எழுத்துக் கூட்டாமல். சும்மா நல்ல பிள்ளை என்று சொன்னால் போதாது என்று டீச்சர் சொல்லியிருந்தார், "என்ன செஞ்சுதோ அதை அப்படியே சொல்லணும், அப்பதான் மத்த புள்ளைங்களுக்கும் புரியும்." திட்டம் நன்றாகத்தான் நடந்தது, அதைப் பொய்யென்று சொல்லக் கூடாது. வகுப்பு வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன, குழாயடியில் முடியைப் பிடித்து இழுக்கிற சண்டை நின்றது, எட்டாம் வகுப்பு வாத்தியார் பிரம்பை எங்கே வைத்தாரென்று அவருக்கே தெரியவில்லை. நம்மால்தான் என்று நினைக்காமல் இருக்க முடியுமா? நினைத்தாள். தலையில் சும்மாட்டை வைக்கும்போது கூட நினைத்தாள்.

சத்துணவுக்கூடத்துக் கோவிந்தம்மாளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்ல இவள் எழுதுவாள், அதில் ஒரு தனி சந்தோஷம். "அந்த ஏழாங்கிளாஸ் தமிழ்மொழி இருக்குதே, தங்கமான பொண்ணும்மா. மீந்த சோத்த கீழ கொட்ட வுடாது. டப்பாவுல போட்டுக்கினு போயி தம்பிக்குக் குடுக்குது. நானே பாத்துக்கினுதான் இருக்கறேன்." கோவிந்தம்மாள் கண்ணில் தண்ணீர் கூட வந்தது. எதையும் வீணாக்க மாட்டோம், சுவரில் இருக்கிற மூன்றாவது விதி, அதற்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்குமா? எழுதினாள். டப்பா என்பதைக் கூட விடவில்லை. தம்பி என்பதையும் விடவில்லை. திங்கட்கிழமை கொடிக்கம்பத்துக்குக் கீழே நின்று, ஒரு இடத்திலும் தடுக்காமல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தாள். மீதமாகும் சோற்றை. டப்பாவில். வீட்டில் இருக்கும் தம்பிக்கு. பள்ளிக்கூடமே கைதட்டியது. தமிழ்மொழி முன்னால் வந்து தலையைக் குனிந்தபடி பரிசாகக் கொடுத்த பேட்ஜைக் குத்திக்கொண்டாள், வெட்கப்படுகிறாள் பாவம் என்று அருள்ராணி அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி வேறு விட்டாள், எல்லாரும் பார்க்கட்டுமென்று. ஐயோ, அதை எதற்குச் செய்தேன், அந்த முகவாயை... அந்த நேரம் அந்தப் பிள்ளையின் தாடை கல் மாதிரி இறுகியிருந்தது விரலுக்குத் தெரிந்ததே. தெரிந்தும் புரியவில்லையே.

"அக்கா, புடி." சட்டி காற்றில் நின்றது. வாங்கினாள். மேலேயிருந்து மேஸ்திரி கத்தினார், "ஏம்மா அருள்ராணி, தலைவியம்மா, கனா கண்டுக்கினு நின்னா கலவ காஞ்சி பூடும். பள்ளிக்கூடத்துக் கவலய பள்ளிக்கூடத்துல வெச்சிட்டு வா." சித்தாள்கள் சிரித்தார்கள். காசியம்மாள் சிரித்தாளா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. திங்கட்கிழமை மத்தியானமே பந்தியில் ஒரு பையன் தான் எச்சில் பண்ணிய சோற்றைத் தமிழ்மொழியின் தட்டில் தள்ளி, "இந்தா, ஒன் தம்பிக்கி" என்றானாம், அதன் பிறகு இன்னொருவன், அதன் பிறகு பெண்பிள்ளைகள் கூட. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் வரவில்லை. இதையெல்லாம் எலிசா டீச்சர் நேற்று சாயங்காலம்தான் சொன்னார், குரலை உயர்த்தாமல், அந்தப் பையன்களையும் திட்டாமல் கூப்பிட்டுப் பேசியதாகச் சொல்லிவிட்டு, "நீங்கதானே இதைப் பாத்துக்கிறீங்க, வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடுங்க" என்றார். போனாள். காசியம்மாள் வாடகைக்கு இருக்கிற சந்து முனை வரைக்கும் போனாள். உள்ளே விளக்கு எரிந்தது, அந்தச் சின்னப் பையன் வாசலில் டயரை உருட்டிக்கொண்டிருந்தான், அவன்தான் தம்பி, ஊருக்கே தெரிந்துபோன தம்பி, இவளைப் பார்த்துச் சிரித்தான். திரும்பி வந்துவிட்டாள். வீட்டில் புருஷன் சூசைமுத்து மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்கிவிட்டு வந்து படுத்திருந்தான், சொன்னதற்கு, "நல்லதத்தான சொன்ன, இதுக்குப் போயி ஏன் பேஜாராவுற" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். நல்லதத்தான சொன்ன. அவனும் அதையே சொல்கிறான். அப்படியானால் அது ஏன் ஆறுதலாக இல்லை?

தொண்ணூற்று மூன்றில், முகையூர்ப் பக்கம் அம்மா வீட்டில் இருந்தபோது, அறிவொளி வகுப்பு நடத்த பவானி என்று ஒரு பெண் வரும், இவளைவிட வயதில் சின்னது. முதல்முதலாக இவள் சிலேட்டில் தன் பெயரை எழுதிய அன்றைக்கு அந்தப் பெண் சிலேட்டைப் பிடுங்கித் தூக்கிக் காட்டி, எல்லாரும் கைதட்டுங்க என்றது. தட்டினார்கள். மாமியார் முறையாகிறவர்கள், கொழுந்தன் முறையாகிறவர்கள், கேப்பை தூற்றிவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்தவர்கள், எல்லாரும். இத்தனை வயதுக்கு அப்புறம் இதற்கா கைதட்டல், இதுவரைக்கும் தெரியாமல் இருந்தது என்றுதானே ஊருக்குச் சொல்கிறது இந்தக் கைதட்டல்... முகமெல்லாம் எரிந்தது. அதற்கப்புறம் பல நாள் வகுப்புப் பக்கமே போகவில்லை, களையெடுக்கப் போனேன், உடம்பு சரியில்லை என்று ஏதேதோ சொன்னாள். பவானி வீட்டுக்கு வந்து கூப்பிட்டபோது கூட ஏன் வரவில்லை என்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண்ணும் நல்லதைத்தான் செய்தது. அப்படி எரிந்த முகம் இதே முகம்தானே, இதற்கு எப்படி மறந்தது? இல்லை, மறக்கவில்லை. மைக்கைப் பிடித்ததும் நான் பவானி ஆகிவிட்டேன், அவ்வளவுதான், சிலேட்டு இன்னொருத்தியுடையது.

வெயில் சாய்கிற நேரத்துக்குத்தான் கான்கிரீட் முடிந்தது. தளம் போடுகிற அன்றைக்கு வேலை முடிகிறவரைக்கும் யாரும் சாப்பிட உட்கார முடியாது, முடிந்ததும் வீட்டுக்காரர் சோறு போடுவார், அது வழக்கம். இலை போட்டுப் பிரிஞ்சியும் முட்டையும் வைத்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அண்டாவில் கால்வாசிக்கு மேல் மிச்சம் இருந்தது, மேஸ்திரி வாசலில் நின்று குரல் கொடுத்தார், "ஏனம் கொண்டாந்தவங்கல்லாம் ஜல்தியா வாங்கம்மா, அண்டாவக் கழுவணுமாம்." குப்பம்மாள் கிழவி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "மெதுவா சொல்லேன் மேஸ்திரி. மைக்க முழுங்கினவனாட்டம் கத்துற. நாம சோறு அள்றது திண்டிவனத்துக்கே தெரியணுமா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், காசியம்மாளும் சிரித்தாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். பையைத் திறந்து, பாத்திரத்தை எடுத்து, அள்ளிக்கொண்டு, மேலே துண்டைப் போட்டு மூடி, யார் முகத்தையும் பார்க்காமல்... அருள்ராணி உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தானும் அப்படித்தான், துண்டு போட்டு மூடித்தான், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பிரிஞ்சி வாசனை வருதே என்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான். தன் பிள்ளைகளுக்குக் கூட, மேஸ்திரி கடையில் வாங்கிக் கொடுத்தார் என்று சொல்லித்தான். எனக்கு ஒரு துண்டு வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளையும் டப்பாவைப் புத்தகத்துக்கு அடியில்தானே வைத்து எடுத்துப் போயிருக்கும்? அதை வெளியே எடுத்துக் கொடிக்கம்பத்தில் ஏற்றினேன். இன்றைக்குக் கொண்டுவந்த ஏனம் பையிலேயே கிடந்தது, எழுந்து போகவில்லை.

தண்ணீர்த் தொட்டியருகில் காசியம்மாள் காலில் ஒட்டிய சிமெண்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துண்டு மூடிய தூக்கு. அருள்ராணி போய் நின்றாள். எல்லாம் யோசித்து வைத்திருந்தாள், டீச்சர் சொன்னதை, பையன்களிடம் பேசியதை, திட்டத்தைப் பற்றி. வாயில் வந்தது, "காசி... புள்ள..." மட்டும்தான்.

"வரும்க்கா. நாளைக்கி அனுப்புறேன்." காசியம்மாள் தலையைத் தூக்கவில்லை. "படிப்பு போச்சின்னா என்னாட்டம் சட்டிதான தூக்கணும். அடிச்சாவது அனுப்புறேன்னு சொன்னேன். அடிக்க வாணாம்மா, நானே போறேன்னுது."

"என் மேல கோவமா இருக்குதா?"

"கோவம் இன்னாத்துக்கு. நீ இன்னா பொய்யா சொன்ன." இன்னொரு காலைத் தொட்டி விளிம்பில் வைத்தாள். "மத்தியானம் மட்டும் துன்னாதாம். ஆரு கேட்டாலும் பசிக்கலன்னு சொல்லிடுவேன்னுது. தம்பிக்கும் எடுக்காதாம். நீயா இருந்தா இன்னா சொல்லுவ அதுக்கு?"

காசியம்மாள் தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வர்றேன்க்கா" என்று போய்விட்டாள். நாளைக்கு வந்துவிடும், எலிசா டீச்சருக்குச் சொன்னால் சந்தோஷப்படுவார், பார்த்தீங்களா, பேசினா சரியாயிடும் என்பார், சரியாகத்தானே ஆகிறது, பிள்ளை வருகிறதே, அதற்கு மேல் யார் என்ன கேட்கப் போகிறார்கள்... மத்தியானம் மணி அடிக்கும், எல்லாப் பிள்ளைகளும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடும், அது ஓடாது, ஓரமாக ஒதுங்கி நின்று சின்னப் பிள்ளைகளுக்கு வழி விடும், பசிக்கலை டீச்சர் என்று சத்தமில்லாமல், மரியாதையாகச் சொல்லும், முண்டியடிக்காமல் சண்டையில்லாமல் நிற்கிற பிள்ளையை நல்ல மனசுள்ள யாராவது ஒருத்தர் பார்க்காமலா போவார், பார்த்தால் மஞ்சள் சீட்டில் எழுதாமலா இருப்பார், திங்கட்கிழமை அது என் கைக்கு வருமே, வந்தால் நான்...