வெட்டாத துணி

எங்கள் பூசை உடைக்குக் கத்தரிக்கோல் தேவையில்லை. தறியிலிருந்து எப்படி இறங்கியதோ அப்படியே ஒரே துண்டு. உடம்பைச் சுற்றி மடித்து, இரண்டு தோளிலும் ஊக்குக் குத்தி, இடுப்பில் கயிறு கட்டி, மிஞ்சிய நீளத்தைக் கயிற்றுக்கு மேலே இழுத்துத் தொங்கவிட்டால் முடிந்தது. குண்டு, ஒல்லி, குட்டை, நெட்டை எல்லோருக்கும் ஒரே அளவு. கித்தோன் என்று பெயர். வெட்டித் தைத்த துணியோடு யாரும் பீடத்தை நெருங்கக் கூடாது. எங்கள் குழுவில் சண்டையில்லாமல் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

கிரீஸ் நாட்டின் லாரிசா நகரில் பழைய கிரேக்கத் தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் நாங்கள் ஒரு நாற்பது பேர் இருப்போம். பல் டாக்டர் ஸ்டாத்திஸ் பூசை செய்வார். நான் வேதியியல் படித்தவள். பால் பண்ணை லேபில் வேலை. வருகிற பாலில் தண்ணீர் சேர்த்திருக்கிறார்களா, ஆட்டுப்பால் என்று சொல்லி மாட்டுப்பாலை ஊற்றியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். லேபில் எனக்குக் கூச்சம் கிடையாது. ‘தேறாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். வெளியே வந்தால் கடையில் ஒரு காப்பி கேட்பதற்குக் கூடத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும்.

என்னைக் குழுவுக்குக் கூட்டி வந்தவள் யூலியா. எனக்கு இருக்கும் ஒரே தோழி. நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். இந்த ஆண்டு நடுக்கோடைப் பூசையில் தீயில் எண்ணெய் வார்க்கும் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அவளுக்குத் தீப்பந்தம் பிடிக்கும் வேலை. டாக்டர், அவள், நான் ஆகிய மூன்று பேர்தான் பீடத்தருகே நிற்போம். மூவருக்கும் புது உடை செய்து தருகிறேன் என்று யூலியா சொன்னாள். குளிர்காலம் முழுவதும் அவள் வீட்டில் அந்த வேலை நடந்தது.

சந்தையில் வெள்ளை லினன் வாங்கினாள். வேறொரு கடையில் லினன் பட்டை வாங்கி, அதில் கருஞ்சிவப்பு நூலால் கடல் அலையைப் போல ஒரு கரை பின்னினாள். பிறகு அந்தக் கரையைத் துணியின் அடியோரத்தில் வைத்துக் கையாலேயே தைத்தாள்.

“தையல் கையில பட்டாத் தெரியணும்டீ, கண்ணுல படக் கூடாது” என்பாள்.

உண்மையிலேயே படவில்லை.

பூசைக்கு ஒலிம்பஸ் மலையடிவாரத்தில் ஒரு புல்வெளியை வைத்திருக்கிறோம். அன்று காலையிலேயே நாங்கள் மூவரும் அடிவாரத்து ஊரான லித்தோஹோரோவுக்கு வந்து அசிமினாம்மாவின் விடுதியில் அறை எடுத்தோம். மற்றவர்கள் மாலையில் நேராகப் புல்வெளிக்கு வந்துவிடுவார்கள். ஒவ்வொரு ஆண்டும் அதே விடுதிதான். அசிமினாம்மா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். எங்களைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டு, பிறகு சாவியைக் கொடுப்பார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யூலியா உடைகளைத் தேய்க்க உட்கார்ந்தாள். லினனுக்கு என்று குறித்திருந்த சூட்டில் இஸ்திரிப்பெட்டியை வைத்து இழுத்தாள். பெட்டி நகரவில்லை. துணியோடு ஒட்டிக்கொண்டது.

“அசிமினாம்மா! உங்க இஸ்திரிப்பெட்டி துணியைத் தின்னுது!”

“என் பெட்டி பாதிரியார் அங்கியெல்லாம் தேய்ச்ச பெட்டி” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. “உங்க துணிதான் அதுக்கு ஒத்துக்கலையோ என்னமோ!”

யூலியா சிரித்துவிட்டு, சூட்டைக் குறைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். பெட்டி ஒட்டிய இடத்தில் கண்ணாடி போல ஒரு பளபளப்பு தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூடு அதிகமானால் லினன் பழுப்பாகும், கருகும். ஒட்டாது.

அவள் திரும்பிய நேரத்தில் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினேன். அவளுடைய சிகரெட் லைட்டரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். சுடரைக் காட்டியதும் நூல் பயந்தது போலச் சுருங்கிப் பின்வாங்கியது. உருகியது. நுனியில் ஒரு கறுப்பு மணி திரண்டு நின்றது. இன்னொரு உடையிலிருந்து இன்னொரு நூலை எடுத்தேன். அதுவும் மணிதான். கரையிலிருந்து ஒரு துளி இழையைக் கிள்ளிக் கொளுத்தினேன். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகிப் பறந்தது. கரை லினன். துணி லினன் இல்லை.

எண்ணெய் ஊற்றினால் தீ ஆள் உயரத்துக்கு எழும். பருத்தியும் லினனும் தீப்பிடிக்காது என்று சொல்ல மாட்டேன், பிடிக்கும். ஆனால் கையால் தட்டினால் அணையும். இது உருகித் தோலில் ஒட்டிக்கொண்டு எரியும்.

தலைவலி என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்போதும் யூலியா இதைத்தான் கட்டிக்கொண்டு பந்தத்தோடு நிற்பாள். உள்ளே போனேன்.

“யூலியா, இது லினன் இல்ல.”

“எது?”

“துணி. பாலியஸ்டர் கலந்திருக்கு. கலந்திருக்குன்னு சொல்றதே மரியாதைக்கு. முக்காவாசி அதுதான்.”

“போடி இவளே. அந்த ஆளு அவன் அம்மா மேல சத்தியம் பண்ணிக் குடுத்தான்.”

“பால்காரங்களும்தான் பண்றாங்க.”

அவள் கண்ணெதிரிலேயே ஒரு நூலைக் கொளுத்தினேன். சாம்பல் கிண்ணத்தில் விழுந்த கறுப்பு மணியை அவள் எடுத்து நகத்தால் நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

“ஒரு நூலை வச்சு என் குளிர்காலம் மொத்தத்தையும் கொளுத்திட்டியே, நல்லா இருப்பியா நீ?”

“யூலியா...”

“பேசாதே. நான் இதைத்தான் கட்டுவேன். உனக்குப் பயமா இருந்தா அந்தப் பக்கம் போய் நின்னு வேடிக்கை பாரு. உன்னை இங்க கொண்டுவந்து நிறுத்தினதே நான், எனக்கே பாடம் எடுக்குறா.”

சத்தம் கேட்டு டாக்டர் பக்கத்து அறையிலிருந்து வந்தார். இருவரும் சொன்னதைக் கேட்டார். தாடியைத் தடவினார். யாரையும் நோகடிக்க அவருக்கு மனம் வராது. பல் பிடுங்கும்போது கூட மன்னிப்புக் கேட்பார்.

“கொஞ்சம் தள்ளி நின்னுக்கிட்டா ஆகாதாம்மா? பந்தத்தை நல்லா நீட்டிப் பிடிச்சா...”

“நாம தள்ளி நிக்கலாம், டாக்டர். காத்து தள்ளி நிக்காது. எண்ணெய் ஊத்தப் போறது நான். எட்ட நின்னு ஊத்த முடியாது. இதைக் கட்டிக்கிட்டு நான் தீக்கிட்ட போக மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் போகக் கூடாது.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் தொண்டையைச் செருமவில்லை என்பது உறைத்தது. அது என் லேப் குரல்.

டாக்டர் கட்டிலில் உட்கார்ந்தார். “சரி. அப்போ ஜீன்ஸோடயா பூசை பண்றது? நாப்பது பேரு வர்றாங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ஒரு கடை திறந்திருக்காது. வெட்டாத துணிக்கு எங்க போறது?”

நான் அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன். இரட்டைக் கட்டிலின் விரிப்பு. அகலம், நீளம் இரண்டும் தாராளம். நடுவில் தையல் இல்லை.

“கொஞ்சம் எழுந்திருங்க, டாக்டர்.”

விரிப்பின் ஓரத்தில் ஒரு நூலை உருவி லைட்டரைப் பற்ற வைத்த நேரத்தில் அசிமினாம்மா கீரைப் பணியாரத் தட்டோடு உள்ளே வந்தார்.

“ஐயோ கிறிஸ்துவே! கட்டிலைக் கொளுத்துறாங்க!”

“இல்லம்மா, ஒரு நூல்தான்... பாருங்க, சாம்பல். சுத்தமான பருத்தி. உங்க பெட்ஷீட் தேறிடுச்சு.”

“எதுல தேறிடுச்சு?”

டாக்டர் விளக்கினார். அசிமினாம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினார்.

“அதாவது, நான் துவைச்சு மடிச்ச விரிப்பைச் சுத்திக்கிட்டு நீங்க சீயசைக் கும்பிடப் போறீங்க. அதுக்கு நான் அலமாரியைத் திறந்து விடணும். ஞாயித்துக்கிழமை அதுவுமா.”

அவர் யூலியாவின் உடையை விரலால் தேய்த்துப் பார்த்தார். கிண்ணத்தில் கிடந்த கறுப்பு மணியைப் பார்த்தார்.

“இது எனக்குத் தெரியும்” என்றார், வேறு குரலில். “ஈஸ்டர் அன்னிக்கு சர்ச் வாசல்ல கூட்டத்துல மெழுகுவத்தி பட்டு என் மருமக பாவாடை இப்படித்தான் உருகிச்சு. காலோட ஒட்டிக்கிச்சு. இன்னும் தழும்பு இருக்கு.”

வெளியே போனவர் மூன்று விரிப்புகளோடு திரும்பி வந்தார். “புதுசாக் கல்யாணம் ஆன ஜோடிக்குப் போடுறது. நல்ல துணி. ஒரு பொறி பட்ட ஓட்டை இருந்துச்சுன்னா, உங்க பன்னிரண்டு சாமியும் வந்துதான் எனக்குப் பதில் சொல்லணும்.”

மூன்றிலிருந்தும் நூல் எடுத்துப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றும் சாம்பல்.

யூலியா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உடையில் ஒன்றை மடியில் போட்டு, சின்னக் கத்தியால் கரையின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். கரை லினன்தானே. விரிப்பை வெட்டத் தேவையில்லை, கரையை மட்டும் அதற்கு மாற்றிவிடலாம். தையல் எங்கே ஆரம்பிக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

“விடு.”

யூலியா எழுந்து வந்து கத்தியைப் பிடுங்கினாள்.

“நீ பிரிச்சா கரையும் சேர்ந்து கிழியும். உனக்குப் பாலைத்தான் பிரிக்கத் தெரியும்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளே பிரித்தாள். ஒரு முனையைத் தூக்கி, கத்தி நுனியை நுழைத்து, சர்ரென்று இழுத்தாள். மூன்று மாத வேலை நூலாகத் தரையில் விழுந்தது. கரை முழுதாக அவள் கையில் வந்தது. அதை விரிப்பின் அடியோரத்தில் வைத்து நான் தைத்தேன்.

“என்னது இது, தையலா, வேலியா?”

“நேரம் இல்லடீ. இன்னைக்கு ஒரு நாள் தாங்கினாப் போதும்.”

“ரெண்டு முளைக்கு நடுவுல ஒரு ஆடே புகுந்து போயிடும். தள்ளு.”

ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒரு முனையில் அவளும் மறுமுனையில் நானுமாகத் தைத்தோம். டாக்டர் பணியாரத்தைத் தின்றுகொண்டே ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார்.

விரிப்பு ஒவ்வொன்றின் மூலையிலும் நீல மையில் ‘விடுதிச் சொத்து’ என்று முத்திரை இருந்தது. அந்த மூலை மடிப்புக்குள் போகும்படி கட்டினோம். உபரித் துணியை உயர்த்தி இறுக்கிக் கட்டச் சொன்னேன். பீடத்தருகே இரண்டு வாளித் தண்ணீர் வைக்கச் சொன்னேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

மாலையில் வெயில் சாய்ந்தபோது கடலிலிருந்து காற்று எழுந்தது. நாற்பது பேரும் வட்டமாக நின்றார்கள். டாக்டர் முன்னால் நடந்தார். அவர் கட்டிய மடிப்பு எங்கோ நழுவி, ‘விடுதிச் சொத்து’ என்ற நீல எழுத்து அவர் முதுகுக்கு நடுவில் தெரிந்தது. வட்டத்தில் யாரோ அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். தெய்வங்களுக்கு அது பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

யூலியா பந்தத்தால் விறகைப் பற்ற வைத்தாள். பாட்டு தொடங்கியது. நான் பீடத்துக்கு முன்னால் போனேன். எல்லோர் கண்ணும் என் மேல் இருந்தது தெரிந்தது. என் கண் தீயின் மேல் இருந்தது. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நின்றுகொண்டு எண்ணெயை ஊற்றினேன். தீ என் தலைக்கு மேலே எழுந்தது. வட்டம் முழுவதும் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

அப்போது காற்று திரும்பியது. ஒரு பொறி பறந்து யூலியாவின் முழங்காலருகே விழுந்தது. வெள்ளைத் துணியில் பழுப்பு வட்டம் ஒன்று படர்ந்து, அதன் ஓரம் சிவந்தது. நான் வாளியை எடுக்கக் குனிந்தேன். அதற்குள் அவள் பாட்டை நிறுத்தாமல் உள்ளங்கையால் ஒரே அடி அடித்தாள். அணைந்தது. சாம்பல் உதிர்ந்தது. துணி துணியாகவே இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். பாட்டின் அடுத்த வரியை எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.

மறுநாள் காலை அசிமினாம்மா விரிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டினார்.

“யாரு வந்திருக்கா பதில் சொல்ல? சீயஸ் எங்கே?”

“அவருக்குக் கொஞ்சம் வேலை இருக்கு, நான் சொல்றேன்” என்றாள் யூலியா. கருஞ்சிவப்பு நூலை எடுத்து, ஓட்டையைச் சுற்றி ஒரு சின்ன அலை பின்னிக் கொடுத்தாள். அசிமினாம்மா தையலைத் தடவிப் பார்த்தார். மற்ற இரண்டு விரிப்புகளையும் நீட்டி, “இதுலயும் ஒண்ணு போட்டுட்டுப் போ” என்றார்.

அடுத்த வாரச் சந்தைக்கு யூலியா என்னையும் இழுத்துப் போனாள். “லைட்டரை எடுத்துக்கோ” என்றாள்.

துணிக்காரர் எங்களைக் கண்டதும் ஒரு வெள்ளைச் சுருளை விரித்தார். “சுத்தமான லினன்மா. எங்கம்மா மேல சத்தியமா.”

யூலியா என் விலாவில் இடித்தாள். சுற்றிலும் கூட்டம். நான் லைட்டரை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

“ஒரு நூல் எடுத்துக்கட்டுமா, ஐயா?”

அவர் லைட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரித்த துணியை மெதுவாகச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து வேறொரு சுருளை எடுத்து வைத்தார்.

அதிலிருந்தும் ஒரு நூல் எடுத்தேன்.