அடுப்படிக்குப் பதினோரு கிலோமீட்டர்

மூன்றாவது முறையாகத் தொகுதி மறுவரையறை முடிந்த வாரத்தில் தையல்காரரின் முன்னறையிலிருந்து அவர் வீட்டு அடுப்படி பதினோரு கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அளந்தவர் அரசாங்க அளவைக்காரர். சங்கிலி போட்டு அளந்தார், நடுவழியில் ஒரு முறை உட்கார்ந்து சாப்பிட்டார், கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஆகவே இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

இது எப்படி ஆயிற்று என்று வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். கணக்கு ரொம்பச் சுலபம். பத்து வருஷத்துக்கு ஒரு முறை தலைகளை எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும், தொகுதிக்குத் தொகுதி ஏறக்குறைய ஒரே அளவு ஆட்கள் இருக்கும்படி கோட்டை மாற்றிப் போடுவார்கள். ஆள் பெருகிய இடத்தில் தொகுதி சுருங்கும், வற்றிய இடத்தில் விரியும். நியாயம்தான். நூற்பாலையை மூடிய பிறகு எங்கள் ஊரில் ஆள் வற்றியது, கோடு விரிந்தது. கோட்டுக்குள் புதிதாக வந்த நிலம் எங்கேயாவது வந்து உட்கார வேண்டுமே! ஆள் போன வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்தது. தையல்காரர் வீட்டில் மூன்று பிள்ளைகளும் போயிருந்தார்கள். நகரத்தில் நேர்மாறு. கையை நீட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் தோளில் படுகிறது, திரும்பிப் படுக்க முறை வைத்திருக்கிறோம் என்று மூத்த மகள் எழுதியிருந்தாள்.

ஆரம்பத்தில் முன்னறைக்கும் அடுப்படிக்கும் பன்னிரண்டு எட்டுதான். அந்தக் காலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவர் மிஷினை மிதித்தபடி "டீ" என்பார், டீ வரும். உள்ளதைச் சொல்ல வேண்டும், அவர் தலை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். முதல் மறுவரையறையில் அது நூற்றிருபது எட்டு ஆனது, டீ ஆறிப்போய் வந்தது. இரண்டாவதில் இரண்டு கிலோமீட்டர். மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் திரும்பிப் போனால், ராச்சாப்பாட்டுக்குக் கிளம்ப நேரம் சரியாக இருந்தது. ஒரு வருஷம் பொறுத்தாள். பிறகு கட்டிலை அடுப்படிக்கே கொண்டுபோய்விட்டாள். அவர் முன்னறையில் ஒரு ஸ்டவ் வாங்கி வைத்துச் சமைக்கக் கற்றுக்கொண்டார். உப்புப் பதம் மட்டும் கடைசிவரை வரவில்லை.

மூன்றாவது கணக்கெடுப்புக்கு ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வந்தாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். ரெண்டு பேர் என்றார். "இன்னொருத்தரைக் கூப்பிடுங்கய்யா. கண்ணால பாத்துத்தான் எழுதணும்னு ஆர்டர்." தையல்காரர் உள்பக்கம் திரும்பி, "இந்தாம்மா, ஒரு எட்டு வந்துட்டுப் போ!" என்று கத்தினார். ஆசிரியை அரை மணி நேரம் நின்று பார்த்தாள். பாவம், அவளுக்கு இன்னும் நாற்பது கதவு பாக்கி. ஒன்று என்று எழுதிக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் "இதோ வர்றேன்" என்ற குரல் வந்து சேர்ந்தது. அதற்கும் பின்னால், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவர் பெண்டாட்டி வந்தாள்.

கோடு போடும் அதிகாரி நல்ல மனிதர், ஒளிவுமறைவு தெரியாதவர். சட்டைக்குக் காலர் மாற்ற வந்த இடத்தில் சொன்னார்: "உங்க தொகுதியில ஒரே ஒரு தலைதாங்க குறைஞ்சுது. அது மட்டும் இருந்திருந்தா நாங்க கோட்டைத் தொட்டிருக்கவே மாட்டோம்." அந்தத் தலை யாருடையது என்று தையல்காரருக்குத் தெரியும். அன்றைக்கு ஊசி அவர் விரலில் இரண்டு முறை ஏறியது.

பதினோரு கிலோமீட்டரை ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்து பார்த்தார். நாலு வருஷத்தில் முழங்கால் போய்விட்டது. வெளியே சுற்றிப் போகலாம் என்றால், பின்வாசல் இப்போது வேறொரு ஊரில் திறந்தது. அந்த ஊருக்கு இருந்த ஒரே பஸ்ஸையும் ஆள் ஏறவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். தபால் மட்டும் போனது, மூன்று நாளில். அவர் எழுத ஆரம்பித்தார். நாற்பது வருஷம் பேசாததையெல்லாம் எழுதினார். உன் முகம் மறந்துபோகுமோ என்று பயமாக இருக்கிறது என்று ஒருமுறை எழுதிவிட்டு, வெட்கப்பட்டு, அடியில் நூல் விலையையும் சேர்த்து எழுதினார். அவள் பதிலில் நூல் விலையைப் பற்றி ஒன்றும் இல்லை.

நாலாவது கணக்கெடுப்பு அறிவித்ததும் உடனே கடிதம் போட்டார். புதன்கிழமை எண்ண வருகிறார்கள், நீ முன்வாசலில் என் பக்கத்தில் நிற்க வேண்டும், இந்தத் தடவையும் விட்டால் நான் உன்னை இனிப் பார்க்கப் போவதில்லை. பதில் கார்டில் வந்தது: "செவ்வாய்க்கிழமை கிளம்புகிறேன். நீங்கள் கதவை விட்டு நகராதீர்கள்."

செவ்வாய் முழுக்கக் கதவில் நின்றார். அவள் வரவில்லை. புதன் விடிந்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கே விழுந்து கிடக்கிறாளோ! கம்பையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

பாதி வழியில், பிள்ளைகள் படித்த அறையின் கதவுநிலை மட்டும் புல்லுக்கு நடுவே நின்றது. அதில் சாய்ந்து அவள் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது, தலை முழுக்க நரைத்திருந்தது. அவரைக் கண்டதும் எரிந்து விழுந்தாள். "உங்களை யாரு வரச் சொன்னா? கதவை விட்டு நகராதீங்கன்னு எழுதினேன்ல?"

"நீ விழுந்து கெடந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்றார் அவர். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அப்போது முன்வாசலில் யாரோ தட்டும் சத்தம் வந்தது. குரலைப்போலவே அதுவும் தாமதமாகத்தான் வந்திருக்க வேண்டும். அவர் பதறித் திரும்பினார். இப்போது ஓடினாலும் சாயங்காலம் ஆகிவிடும்.

"தட்டிட்டுப் போகட்டும், உட்காருங்க" என்றாள் அவள்.

உட்கார்ந்தார்.

கணக்கெடுப்பாளர் மூன்று முறை தட்டிவிட்டு ஆள் இல்லை என்று எழுதினார். இந்த முறை இரண்டு தலை குறைந்தது, கோடு போடுபவர்கள் கோட்டை நன்றாகவே தள்ளிப் போட்டார்கள். இப்போது முன்வாசல் அவர்களுக்கு நாற்பது கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது, பின்வாசல் நாற்பது கிலோமீட்டர் மேற்கே. நிலம் இரண்டு பக்கமும் சமமாகத்தான் வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த இருவருக்கும் இடையே ஒரு விரற்கடைகூட வரவில்லை. வாக்காளர் பட்டியலில் இருவர் பெயரையும் அடித்துவிட்டார்கள். திருத்தச் சொல்லி மனுக் கொடுக்க முப்பது நாள் அவகாசம் இருந்தது. அந்த வீட்டிலிருந்து மனு எதுவும் வரவில்லை.