எல்பியோவின் இருபது சதவீதம்

எல்பியோ மச்சாதோவைப் போர்ச்சுகல் கிளப்புக்கு விற்ற அன்று அவனுடைய இடது பாதம் எங்கள் ஊர் லா பால்சாவிலேயே தங்கிவிட்டது. அந்த வாரம் இங்கே மாட்டு விலாக்கறி கிலோ இருநூற்றுப் பத்து பேசோ. தப்பு கிளப் செயலாளர் நீல்டாவுடையது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள், பொறாமை, வேறென்ன. சின்ன கிளப்புகள் ஆட்டக்காரனை முழுதாக விற்பதில்லை; நாளைக்கு அவன் இன்னோர் இடத்துக்கு விலைபோனால் பங்கு வரட்டும் என்று இருபது சதவீதத்தைக் கையில் வைத்துக்கொள்வார்கள். நீல்டா கசாப்புக்கடைக்காரர் மகள். மாட்டில் பங்கு நிறுத்தி விற்றால் எந்தப் பாகம் என்று எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் வெட்டும் நாளில் அடிதடிதான். அதனால் அவள் ஒப்பந்தத்தில், 'எங்கள் இருபது, அதாவது இடது பாதம்' என்று எழுதினாள். வாங்க வந்தவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

எல்பியோ பேருந்து ஏறினான். பாதம் உடைமாற்றும் அறையில், பெஞ்சுக்கு அடியில், லேஸ் கட்டிய பூட்ஸோடு வெதுவெதுப்பாக நின்றது. போர்ச்சுகலில் அவன் காலுறைக்குள்ளும் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்தது. அது நடக்க உதவியது, உதைக்க உதவவில்லை. இங்கே நீல்டா பாதத்துக்கு ஆட்டக்காரர் அட்டை எடுத்தாள். நடுவர் விதிப்புத்தகத்தை மூன்று முறை புரட்டினார். ஓர் ஆட்டக்காரன் உடம்பில் எவ்வளவு வர வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. பாதத்தால் ஓட முடியாது, தத்தித் தத்தித்தான் வரும். ஆகவே ஃப்ரீகிக்குக்கு மட்டும் இறக்கினார்கள்.

அந்த வருடம் நாங்கள் கடைசி இடத்தில் இருந்தோம். கடைசி ஆட்டத்தில் பக்கத்து ஊர் பாசோ தெல் ஓம்பூவை ஜெயிக்காவிட்டால் லீகை விட்டு வெளியே. வெளியே போனால் மைதானம் அதன் சொந்தக்காரர் பெந்தாங்கோருக்கே திரும்பிவிடும். அவர் அங்கே நடப்போகும் யூகலிப்டஸ் கன்றுகளை லாரியோடு கொண்டுவந்து கார்னர் கொடிக்குப் பக்கத்தில் நிறுத்தியே விட்டார். முப்பத்தொரு வருடம் அந்தப் புல்லுக்குத் தண்ணீர் விட்ட நீல்டா அன்றும் குழாயை இழுத்து வந்து தண்ணீர் விட்டாள்.

வியாழக்கிழமை தலைநகர் மொந்தெவிதேயோவிலிருந்து போர்ச்சுகல் கிளப்பின் தரகன் வந்தான். கறி சுட்டு, உறுப்பினர் கூட்டம் போட்டோம்.

"அம்மா, அந்த இருபதையும் குடுத்துடுங்க. அந்தக் காசுக்கு நெடுஞ்சாலை ஓரமா வேற மைதானமே வாங்கலாம்."

தொகையைச் சொன்னான். மாத்தே டீ உறிஞ்சும் சத்தம் நின்றது.

"நல்ல விலைதான் தம்பி. அங்க ஃப்ரீகிக் யாரு அடிப்பா, நீயா?"

"ஒத்தப் பாதத்த வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"ரெண்டோட வந்து நீ என்னத்தக் கிழிச்ச? உக்காந்து கறி தின்னுட்டுப் போ."

விற்கலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது ஒரே ஒரு கை எழுந்தது. அதுவும் உப்பு கேட்டு.

ஞாயிற்றுக்கிழமை எண்பத்தொன்பதாவது நிமிடம் வரை கோல் இல்லை. முப்பது மீட்டரில் ஃப்ரீகிக் கிடைத்தது. பாதம் பெஞ்சிலிருந்து தத்தி வர ஒன்றரை நிமிடம் ஆனது.

"அந்த ஒத்தச் செருப்பக் கோயில் வாசல்ல விட்டுட்டு வாங்கடா," என்று ஓம்பூக்காரர்கள் கத்தினார்கள்.

பாதம் மூன்று தத்து பின்னால் போய், வந்து உதைத்தது. பந்து ஓம்பூக்காரர்கள் வரிசையாய் நின்ற சுவரைத் தாண்டி, வளைந்து, மேல் மூலையில் விழுந்தது. அதே நொடியில் போர்ச்சுகலில், பெஞ்சில் இருந்த எல்பியோ எழுந்து "கோல்" என்று அலறினான். அப்போதுதான் அவன் அணி ஒரு கோல் வாங்கியிருந்ததால் அபராதம் போட்டார்கள். நாங்கள் வெட்கமில்லாமல் அழுதோம். கன்றுகள் வந்த லாரியிலேயே திரும்பின.

பிறகு மூன்று கோப்பைகள் வந்தன. எல்பியோ இத்தாலிக்கு விலைபோனபோது வந்த பங்கில் மைதானத்தையே நீல்டா வாங்கிவிட்டாள். முப்பத்தாறு வயதில் அவன் ஊர் திரும்பினான். பெஞ்சில் பாதம் இருந்தது, கணுக்காலில் கேப்டன் பட்டையோடு.

"நானும் ஆடலாமாக்கா?" என்று நீல்டாவிடம் கேட்டான்.

"மாத்து ஆளா வேணும்னா வாடா. ஆனா கேப்டன் சொன்னாத்தான் எறங்கணும்."

எல்பியோ அதன் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தான். அறுபதாவது நிமிடத்தில் பாதம் பெஞ்சுப் பலகையை இரண்டு முறை தட்டியது. அவன் எழுந்து சட்டையை உள்ளே செருகிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினான்.