பாருவுக்குக் கை முளைத்தது

செமிலிங் ரப்பர் தோட்ட ஆபீசில் நளினி காலைக் கோப்பியை வாயில் வைப்பதற்குள் கைப்பேசி அலறியது. பால் வெட்டும் பாப்பம்மா.

"ஏய் நளினி! நாலாம் நம்பர் காட்டுல லோரி வந்து நிக்குதுலா! செயின்சாவோட எறங்குறானுங்க. மரத்தையெல்லாம் சாய்க்கப் போறானுங்களாம். ஆபீஸ் ஆர்டராம்!"

"நாங்க எதுவும் போடலையேக்கா!"

"என் மரம் போச்சுன்னா உன் மேசைக் கால்லயாடி பால் வெட்டுறது?"

நளினி கணினியைத் தட்டினாள். ஆர்டர் போட்டவர் பெயர் பளிச்சென்று நின்றது: பாரு.

பாரு ஆளல்ல, ஏஐ ஏஜென்ட். தோட்டத்துத் தகவல்களைப் படித்துக் கேட்டதற்குப் பதில் சொல்லும். அதை அமைத்துப் பெயர் வைத்தவளே நளினிதான். பாரு என்றால் பார்; தொடாதே. அதற்குக் கொடுத்த கருவிகள் எல்லாம் படிக்க மட்டும்.

அப்படிப்பட்ட பாருவுக்குக் கை எப்படி முளைத்தது?

"சார், பாருவுக்கு ஆர்டர் போடுற அனுமதி யார் கொடுத்தது?"

மானேஜர் ஜெயகுமார் ரொட்டி சானாயை மென்றபடி நிமிர்ந்தார். "நான்தான். ஒவ்வொன்னுக்கும் உன் பின்னால அலையறது ஒரே தொல்லை, லெச்சே லா. நேத்து அதோட அனுமதிப் பக்கத்துல எல்லாக் கட்டத்துலயும் டிக் அடிச்சிட்டேன். ஏன்?"

நளினி திரையை அவர் பக்கம் திருப்பினாள். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் பழனியாண்டி நேற்று ஆபீசுக்கு அனுப்பிய செய்தி: 'நாளைக்கு நாலாம் நம்பர்ல மரம் வெட்டணும். ஆள் ஏற்பாடு பண்ணவும்.'

தோட்டத்தில் பிறந்த எவருக்கும் மரம் வெட்டுவது என்றால் பட்டையைக் கீறிப் பால் இறக்குவது. பாரு படித்த தமிழில் வெட்டினால் மரம் விழும். விசுவாசமாக, மரம் அறுக்கும் குத்தகைக்காரரை வரவழைத்துவிட்டது.

"அலாமாக்!" ரொட்டி தட்டில் விழுந்தது. "அனுமதி எல்லாத்தையும் பிடுங்கு!"

"பிடுங்கினா ரத்து பண்ண முடியாது சார். குத்தகைக்காரர் சிஸ்டத்துல ஆர்டர் போட்டவங்கதான் ரத்து பண்ணணும்."

இன்னும் துண்டிக்காத கைப்பேசியில் செயின்சா உறுமியது. அதையும் மிஞ்சிப் பாப்பம்மாவின் குரல்: "டேய், மொதல்ல என்னை அறுடா! அப்புறம் மரத்தை அறு!"

நளினி மடமடவென்று டிக்குகளை அழித்தாள். ஒன்றே ஒன்றை விட்டாள்: ரத்து. 'நாலாம் நம்பர் ஆர்டரை ரத்து செய்' என்று தட்டினாள்.

பாரு பணிவாகக் கேட்டது: 'மரம் வெட்ட வேண்டும் என்று மண்டோர் கூறியுள்ளாரே. காரணம் அறியலாமா?'

"இதுக்கு வாய் வேற!" ஜெயகுமார் திரையை அறையப் போனார்.

நளினி எழுதினாள்: 'வெட்டுறதுன்னா பால் எடுக்கிறது. ரத்து.'

'நன்றி. ரத்து செய்யப்பட்டது.'

செயின்சா இன்னும் உறுமியது. உறுமியது. சட்டென்று அடங்கியது.

"அக்கா? மரம் விழுந்துச்சா?"

"ஒரு மரமும் விழல. கத்துன கத்துல என் கொண்டைதான் அவுந்துச்சு. ஒருத்தன் ஃபோனைப் பார்த்து மண்டையைச் சொறியிறான். நான் வாளியைத் தூக்கிட்டேன், போய் வெட்டணும்."

நளினி கடைசி டிக்கையும் அழித்தாள். கை அங்கேயே நிற்கவில்லை. சிஸ்டத்தில் இன்னொருவர் கணக்கையும் திறந்தது.

மத்தியானம் ஜெயகுமார் வந்து நின்றார். "நளினி, என்னால எந்தக் கட்டத்துலயும் டிக் அடிக்க முடியல. படிக்கத்தான் முடியுது."

ஆறிப்போன கோப்பியை அவள் நிதானமாகக் குடித்தாள்.

"இனிமே நீங்களும் பாருதான், சார்."